ஒற்றைத் தோடும் ஒன்றரை அடிச் சில்லும்

இனிமேல் ஆயுசுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கோழிக் கொட்டகைக்குள் கால் வைப்பதில்லை என்று நல்லகாமன் சபதம் எடுத்தார். சபதம் எடுத்த இடம் கோழிக் கொட்டகை. எடுத்த நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை. கையில் மம்பட்டி இருந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டு கட்டியிருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்கும் என்று தெரிந்திருந்தால் எடுத்திருக்கவே மாட்டார்.

நாகமலை புதுக்கோட்டையில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி வீடு. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. கொட்டகைக்குள் அவர் மனைவி அன்னக்கொடியின் சிறுவிடை நாட்டுக்கோழிகள். தரையில் உமி பரப்பியிருக்கும். ஒரு வாரத்தில் அந்த உமி எச்சத்தோடு சேர்ந்து தரையோடு தரையாக இறுகிவிடும். அதைச் சுரண்டி, வாரி, குப்பைக் குழியில் கொட்டி, புது உமி பரப்ப வேண்டும். கோழி வளர்ப்பது அன்னக்கொடி, கொட்டகை வாருவது நல்லகாமன். கல்யாணமான புதிதில் "சும்மா ஒரு கை புடிங்க" என்று கூப்பிட்டாள். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

ஊரில் மற்ற ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையில் உட்கார்ந்து உலகத்தையே திருத்தி முடித்துவிடுவார்கள். நல்லகாமன் குளித்துவிட்டுப் போய்ச் சேரும்போது பேப்பரில் ராசிபலன் பக்கம் மட்டும் மிச்சமிருக்கும். குளித்துவிட்டுத்தான் போவார். ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் லேசாகத் தள்ளி உட்காருவார்.

நல்லகாமனுக்குத் தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. ரெக்கார்டு ரூம் அவர் பொறுப்பு. அங்கே அவர் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உண்டு. புது ஃபைல் வந்தால் பழைய ஃபைல் மேல் வைப்பார். அடியில் இருப்பதை எடுக்க மாட்டார், புரட்ட மாட்டார். யாராவது அடியில் உள்ளதைக் கேட்டால் "அது மட்கிப்போச்சு சார்" என்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையில் ஒரு பிரச்சினை கிடையாது.

அப்படிப்பட்டவர் கண்ணில் அந்தப் புதன்கிழமை ஒரு வீடியோ பட்டது. அன்னக்கொடி குளிக்கப் போயிருந்தாள். அவள் போன் சார்ஜில் கிடந்தது. திறந்தால், ஆழ்கூளம் என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கொட்டகையில் மரச் சில்லைக் கனமாகப் போட வேண்டுமாம். எச்சம் விழ விழ மேலே புதுச் சில்லு போட்டுக்கொண்டே வர வேண்டுமாம். அடியில் இருப்பது தானாக மட்கி எருவாகிவிடுமாம். வருஷத்துக்கு ஒருமுறை வாரினால் போதுமாம்.

நல்லகாமனுக்குக் கண்கள் கலங்கின. இது அவர் முறை. இருபத்திரண்டு வருஷமாக அவர் ஃபைல்களுக்குச் செய்வதை யாரோ ஒரு புண்ணியவான் கோழிக்குச் செய்திருக்கிறான். பத்து நிமிட வீடியோவை நாலாவது நிமிடத்திலேயே நிறுத்திவிட்டார். இதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

அன்று சாப்பிடும்போது பேச்சை மெதுவாக எடுத்தார்.

"அன்னக்கொடி, போன வாரம் அடிச்ச காத்துல மெயின் ரோட்டுல மரம்லாம் விழுந்துச்சுல்ல, அதை மிஷினுல போட்டுச் சில்லு சில்லா அரைச்சுக் குமிச்சிருக்காங்க. சும்மா அள்ளிக்கிட்டுப் போகலாமாம்."

"அதுக்கு?"

"நம்ம கொட்டகையில போட்டா..."

"பச்சை மரமா, காஞ்ச மரமா?"

"மரம்தான்."

"பச்சையா, காஞ்சதா?"

"போன வாரம் வரைக்கும் நின்ன மரம். பச்சையாத்தான இருக்கும்?"

"அப்ப வேணாம்" என்றாள் அன்னக்கொடி. "ஈரச் சில்லு பூஞ்சை புடிக்கும். அடியில சூடு ஏறும். அந்தக் காத்தை இழுத்தா குஞ்சுக்கு நெஞ்சு அடைச்சுக்கும். அதுக்கு ஒருத்தர் தெனம் கிடையாக் கெடக்கணும். இங்க யாரு இருக்கா?"

"உமி மட்டும் என்ன வாழுது?"

"உமியை வாரத்தான் நீங்க இருக்கீங்கள்ல. ரசம் ஊத்தவா?"

பேச்சு ரசத்தோடு முடிந்தது.

அவள் வேண்டாம் என்றதில் நியாயம் இருந்தது என்பது நல்லகாமனுக்கும் தெரியும். போன வருஷம் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து கொட்டகையில் பாதிக்கு மேல் போய்விட்டது. தினம் காலையில் கொட்டகையைத் திறந்து, செத்ததைக் கூடையில் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு அழுகிற பெண்ணும் இல்லை அவள். அதைப் பார்த்துவிட்டு நல்லகாமன் தானே உப்புமா கிண்டினார், அதை இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அப்புறம் மிஞ்சிய ஐந்து பெட்டைகளை அடை வைத்து, ஒவ்வொன்றாகப் பொரிக்க வைத்து, இப்போது கொட்டகையில் அறுபத்திரண்டு குஞ்சுகள் ஓடுகின்றன. ஒன்றரை மாதக் குஞ்சுகள். அவற்றுக்கு ஒன்று ஆனால் அன்னக்கொடிக்கு ஆனது மாதிரி.

வியாழக்கிழமை காலை அவள் சோழவந்தானுக்குக் கிளம்பினாள். அங்கே அண்ணன் முத்திருளன் வீடு, ஊரில் திருவிழா. ஞாயிறு சாயங்காலம்தான் திரும்புவாள். கிளம்புமுன் கொட்டகைக்குள் போய்த் தீவனம் போட்டாள், தண்ணீர் வைத்தாள்.

"அறுபத்திரண்டு" என்றாள். "நான் திரும்பி வாரப்ப அறுபத்திரண்டும் இருக்கணும்."

"இருந்தா எனக்கு என்ன தருவ?"

"என்ன வேணும்?"

"ஞாயித்துக்கிழமை."

அன்னக்கொடி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "சரி. அறுபத்திரண்டும் இருந்தா ஞாயித்துக்கிழமை கொட்டகை வார வேணாம். ஆயுசுக்கும் வேணாம்."

"இல்லைன்னா?"

"ஒண்ணு கொறைஞ்சாலும் என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

பஸ் நாகமலையைத் தாண்டியிருக்காது. அதற்குள் நல்லகாமன் அலுவலகத்துக்குப் போன் போட்டு அரை நாள் லீவு சொல்லிவிட்டார். பதினோரு மணிக்கு டிராக்டர் வந்தது. டிரைவர் பேயாண்டி இறங்கி, டிரெய்லருக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். இலையும் பட்டையும் குச்சியுமாகச் சில்லு பச்சைப் பசேலென்று இருந்தது. முந்தின நாள் கோடை மழையில் நனைந்து தண்ணீர் சொட்டியது.

"அண்ணே, பிழிஞ்சா தண்ணி வருதே. ரெண்டு வாரம் வெயில்ல பரப்பி வச்சுட்டு அப்புறமா உள்ள போடலாம்ல?"

"ரெண்டு வாரமா? எனக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள வேலை முடியணும்."

"குஞ்சு கெடக்கேண்ணே."

"நீ வீடியோ பாத்தியா?"

"டிராக்டர் ஓட்டுறப்ப பாக்க முடியாதுண்ணே."

"அப்ப தட்டு."

தட்டிவிட்டுப் பேயாண்டி போய்விட்டான். நல்லகாமன் கூடை கூடையாக அள்ளி உள்ளே கொட்டினார். பழைய உமியை வாரவில்லை. அதன் மேலேயே போட்டார், ஃபைல் மேல் ஃபைல் வைப்பதுபோல. அரை அடி போதும் என்று வீடியோக்காரர் சொன்னார். அவரைவிட ஒரு அடி கூடுதலாகவே இருக்கட்டும் என்று ஒன்றரை அடிக்குப் போட்டார். பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்ன தம்பி, வீட்டுல ஆளு இல்லாதப்ப லோடு எறங்குது?"

"ஒண்ணுமில்லக்கா. வெறகு."

"வெறகு இம்புட்டுப் பொடியாவா இருக்கும்?"

"பொடி வெறகுக்கா."

"அன்னக்கொடிக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. வந்து பாத்து அசந்து போகட்டும்."

"யாரு அசந்து போறது தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சோணையம்மாளின் தலை இறங்கியது. நல்லகாமன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் கொட்டகை ஒரு காடு மாதிரி மணத்தது. குஞ்சுகள் சில்லின் மேல் ஏறி இறங்கி விளையாடின. நல்லகாமன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவர் டீக்கடையில் இருந்தார், பேப்பர் முழுதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் போன் அடித்தது. அன்னக்கொடி.

"ஏங்க, என் தோட்டக் காணோம்."

"எந்தத் தோடு?"

"எத்தனை தோடு வச்சிருக்கேன்? அண்ணன் சீருல போட்ட தோடுதான். வலது காதுல இருந்தது. படுக்கறப்ப காதைத் தொட்டா வெறுங்காதா இருக்கு."

"பஸ்ஸுல விழுந்திருக்கும்."

"பஸ்ஸுல ஏறுறப்பவே காது லேசா இருந்துச்சு. கொட்டகையிலதான் விழுந்திருக்கு. குனிஞ்சு தண்ணி வச்சேன் பாருங்க, அப்ப. உமியிலதான் கெடக்கும். செத்த பாருங்களேன்."

நல்லகாமன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உமியில்தான் கிடக்கும். உமி எங்கே கிடக்கிறது? ஒன்றரை அடிச் சில்லுக்கு அடியில்.

"பாக்குறேன், பாக்குறேன்."

"உமி ரெண்டு அங்குலம்தான. கையால தடவுனாலே அம்புட்டுரும். ஒண்ணு பண்ணுங்க, வீடியோ கால் போடுங்க. நானும் சேந்து பாக்குறேன்."

"நெட்டு இல்ல!" என்று நல்லகாமன் கத்தியே விட்டார்.

"ஏன் கத்துறீங்க?"

"நெட்டு இல்லைல்ல, அதான் கத்துனேன்."

"சரி, நீங்களே தேடுங்க. இருட்டா இருக்கும், சுத்தியும் தொங்குற சாக்கையெல்லாம் தூக்கிக் கட்டிட்டுத் தேடுங்க. கிடைக்கலைன்னா அண்ணன் என்னைக் கேக்கும். நான் உங்களைக் கைகாட்டிருவேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

நல்லகாமன் சாக்கைத் தூக்கிக் கட்டினார். வெளிச்சம் உள்ளே விழுந்தது. குஞ்சுகள் அத்தனையும் கம்பி வலை ஓரமாக ஒண்டிக் கிடந்தன. வாயைத் திறந்து திறந்து மூடின. மம்பட்டியைச் சில்லுக்குள் இறக்கிப் புரட்டினார். இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. கூடவே ஒரு நெடி. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. உள்ளே கையை வைத்துப் பார்த்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

அடியில் சூடு ஏறும் என்று அவள் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. இரண்டு நாள் தாமதமாக.

சில்லை வெளியே அள்ளிப் போடலாம்தான். அள்ளினால் தோடும் அதோடு போய்விடும். அதனால் நின்ற இடத்திலேயே ஒவ்வொரு பிடியாகப் புரட்டினார். மேலே இருந்தது கீழே போனது, கீழே இருந்தது மேலே வந்தது. ஒவ்வொரு புரட்டுக்கும் ஆவி வந்தது. எட்டரை மணிக்குக் கொட்டகை முழுவதும் ஒருமுறை புரண்டிருந்தது. இடுப்பு வேறொருவருடையது போல இருந்தது. தோடு இல்லை. ஆனால் குஞ்சுகள் வலை ஓரத்தை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தன.

அலுவலகத்தில் ஒரு ஃபைலைக் குனிந்து வைத்தபோது தலையிலிருந்து சில்லு ஒன்று விழுந்தது. கண்காணிப்பாளர் அதை எடுத்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுல எதுவும் விசேஷமா?" என்று கேட்டார். நல்லகாமன் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினார். போட்டிருந்த பேண்ட்டோடு கொட்டகைக்குள் நுழைந்தார். சில்லு மறுபடியும் உள்ளுக்குள் சுட ஆரம்பித்திருந்தது. மறுபடியும் புரட்டினார்.

போன் அடித்தது.

"கிடைச்சுச்சா?"

"இன்னும் இல்ல. தேடிக்கிட்டேதான் இருக்கேன்."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது? உமியைத் தடவுறதுக்கா?"

"உமி... கொஞ்சம் கனமா இருக்கு."

"தண்ணிச் சட்டியைத் தூக்கிச் செங்கல் மேல வைங்க. அதுக்கடியிலதான் கெடக்கும். சுத்தி ஈரமா இருக்கறதை மட்டும் அள்ளி வெளிய வெயில்ல போட்டுப் பாருங்க, கட்டியா இருக்கறதுக்குள்ள மாட்டியிருந்தாலும் தெரியும்."

அவள் சொன்னபடி செய்தார். சட்டியைச் செங்கல் மேல் ஏற்றினார். ஈரத்தை அள்ளிப் போட்டார். தோடு இல்லை.

சனிக்கிழமை அலுவலகம் கிடையாது. அதனால் முழுநாளும் தேட முடிந்தது. மதில் மேல் தெரிந்த சோணையம்மாளிடம் மணல் சலிக்கிற சல்லடையைக் கேட்டு வாங்கினார். "பொடி வெறகைச் சலிக்கவா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாள். சலித்தார். தூள் தனியாக, சில்லு தனியாக, உமி தனியாக வந்தது. பத்து மணிக்கு ஒரு போன். இந்தத் தடவை முத்திருளன்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"தங்கச்சி ஒத்தக் காதோட சாமி கும்புடுறதைப் பாக்க முடியல மாப்ள. நூறு பேரு கேக்குறான்."

"தேடிக்கிட்டே இருக்கேன் மச்சான்."

"எம்புட்டு நேரமா? நான் வேணா நாலு பேரோட கிளம்பி வாரேன். கொட்டகையைத் தலைகீழாப் புரட்டிருவோம்."

"வேணாம் மச்சான்!" நல்லகாமன் பதறிப்போனார். "நானே புரட்டிட்டேன். மூணு தடவை புரட்டிட்டேன். திருவிழாவை விட்டுட்டு நீங்க வரக்கூடாது."

"அப்ப நாலாவது தடவையும் பாருங்க. குஞ்சு எதுவும் முழுங்கியிருக்கப் போகுது" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

குஞ்சு முழுங்கியிருக்கும்! இதை நல்லகாமன் நினைக்கவே இல்லை. உடனே அன்னக்கொடிக்குப் போன் போட்டார்.

"முழுங்கியிருந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"ஒவ்வொண்ணாப் புடிச்சு இரைப்பையைத் தடவிப் பாருங்க. மூக்குல சளி ஒழுகுதா, மூச்சு இழுக்குதான்னும் பாருங்க. முழுங்குனது ஒதுங்கித்தான் நிக்கும். அப்படி ஏதாவது நின்னா தனியா எடுத்து அட்டைப் பெட்டியில வச்சு, சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் தட்டி உருட்டிக் குடுங்க. எச்சத்தோட வந்துரும்."

அறுபத்திரண்டு குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடிப்பது எப்படி என்று நல்லகாமன் அன்று கற்றுக்கொண்டார். பிடித்ததும் இரைப்பையைத் தடவி, மூக்கைப் பார்த்து, அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டு, கூடையில் விட்டார். அறுபத்தொரு குஞ்சுகளிடம் ஒன்றுமில்லை. அறுபத்திரண்டாவதைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அது மூலையில் இறகைச் சிலுப்பிக்கொண்டு கண்ணை மூடி நின்றது. கழுத்தில் கருப்பு வளையம் போட்ட குஞ்சு, பெயரே கருவளையம். அன்னக்கொடிக்கு அது என்றால் உயிர், தீவனத்தைக் கையில் வைத்து ஊட்டுவாள். தூக்கிக் காதில் வைத்தார். உள்ளே 'கர்ர், கர்ர்' என்று இழுத்தது.

நல்லகாமன் தோட்டை மறந்தார். ஞாயிற்றுக்கிழமையை மறந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அன்னக்கொடிதான் கண் முன்னால் நின்றாள். குஞ்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். அட்டைப் பெட்டியில் பழைய வேட்டியை விரித்தார். வெங்காயம் தட்டினார். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தால் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏ, செத்துக்கித்துப் போயிராத" என்றார் குஞ்சிடம். "உனக்குப் புண்ணியமாப் போகும். நான் ஆயுசு முழுக்க வாருறேன். உமியை வாருறேன், சில்லை வாருறேன், என்ன சொன்னாலும் வாருறேன். கண்ணை மட்டும் தொற."

குஞ்சு கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை உருண்டை கொடுத்தார். இடையில் ஓடிப்போய்க் கொட்டகையைப் புரட்டிவிட்டு வந்தார். இப்போது தோட்டுக்காகப் புரட்டவில்லை. மற்ற அறுபத்தொன்றும் இப்படி ஆகிவிடக்கூடாதே என்று புரட்டினார். கையை உள்ளே விட்டால் இளஞ்சூடுதான் இருந்தது. நெடி போய்விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அடுப்படியில் 'கிய்யா' என்று சத்தம் கேட்டது. பெட்டியை எட்டிப் பார்த்தார். கருவளையம் எழுந்து நின்று அவருடைய வேட்டியைக் கொத்திக்கொண்டிருந்தது. நல்லகாமன் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றும் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை புரட்டினார். டீக்கடை ஞாபகமே வரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. கையில் வெற்றிலைக் கட்டோடு, முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு அன்னக்கொடி இறங்கினாள்.

வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று நல்லகாமன் முடிவு செய்திருந்தார்.

"அறுபத்திரண்டும் இருக்கு" என்று தொடங்கினார். "ஆனா தோடு கிடைக்கல. உமியில தேடுறேன்னு சொன்னது பொய். நீ பஸ் ஏறுனதும் பச்சைச் சில்லை உள்ள போட்டேன். நீ சொன்ன மாதிரியே சூடு ஏறிருச்சு. கருவளையத்துக்கு மூச்சு இழுத்துருச்சு. இப்பத் தேவலை. மச்சான்கிட்ட நானே பேசிக்கிறேன். உன்னைத் திட்ட வேணாம்னு சொல்றேன்."

அன்னக்கொடி வெற்றிலைக் கட்டை அவர் கையில் கொடுத்தாள். தலையிலிருந்து முந்தானையை எடுத்தாள். இடது காதில் தோடு இருந்தது. வலது காதிலும் இருந்தது. நல்லகாமன் இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தார், சான்றிதழின் அசலையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர் மாதிரி.

"கிடைச்சிருச்சா?" என்றார்.

"ம்."

"எங்க?"

"காதுலதான்."

"எப்ப?"

"தொலைஞ்சாத்தான கிடைக்கறதுக்கு."

சொல்லிவிட்டு அவள் நேரே கொட்டகைக்குப் போனாள். நல்லகாமன் வெற்றிலைக் கட்டோடு பின்னால் ஓடினார். உள்ளே சில்லு பொலபொலவென்று கிடந்தது. சாக்கு தூக்கிக் கட்டியிருந்தது. தண்ணீர்ச் சட்டி செங்கல் மேல் இருந்தது. ஒரு பிடி சில்லை அள்ளிப் பிழிந்தாள், முகர்ந்து பார்த்தாள். குஞ்சுகள் காலைச் சுற்றிக்கொண்டன. கருவளையத்தைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவள் கண் நனைந்திருந்தது.

"பொய்யா சொன்ன?" என்றார் நல்லகாமன். "ரெண்டரை நாளு! இடுப்பு போச்சு. சலிச்சேன் தெரியுமா? அம்புட்டையும் சலிச்சேன்!"

"லோடு எறங்கறப்பவே சோணையக்கா போன் பண்ணிருச்சு. எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. அடுத்த பஸ்ஸைப் புடிச்சுத் திரும்பிரலாம்னு பையைத் தூக்கிட்டேன். அப்புறம் யோசிச்சேன். நான் வந்து கிளறுங்கன்னா 'எனக்குத் தெரியும்'பீங்க. சாக்கைத் தூக்குங்கன்னா 'வீடியோவுல சொல்லல'ம்பீங்க. தங்கம்னாத்தான் கையும் காலும் ஓடும். அண்ணனும் ஒரு போன் போட்டுச்சு."

நல்லகாமனுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. வெளிச்சத்துக்குத் தூக்கிய சாக்கு காற்றுக்கு. செங்கல் மேல் ஏற்றிய சட்டி ஈரத்துக்கு. இரைப்பையைத் தடவியது மருத்துவப் பரிசோதனை. எச்சத்தோடு தோடு வருவதற்குக் கொடுத்தது மருந்து.

"உனக்கு எப்படி இம்புட்டும் தெரியும்?"

"அந்த வீடியோதான். என் போன்லதான பாத்தீங்க? நாலு நிமிஷத்துல நிறுத்தியிருந்தீங்க. நான் அங்கருந்து பாத்தேன். ஈரச் சில்லுன்னா காலையிலயும் சாயங்காலமும் கிளறணும்னு ஆறு நிமிஷம் அதைத்தான் சொல்றாரு. எனக்கும் சில்லு போட ஆசைதான். கிளற யாரு இருக்கான்னுதான் வேணாம்னேன்."

"இப்ப மட்டும் யாரு இருக்கா?"

அன்னக்கொடி அவர் கையில் காய்த்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை..." என்று நல்லகாமன் கடைசியாகப் பிடித்துக்கொண்டார். "அறுபத்திரண்டும் இருக்கு. நீ வாக்குக் குடுத்திருக்க."

"குடுத்த வாக்குதான். ஞாயித்துக்கிழமை வாரவே வேணாம். ஆழ்கூளமாச்சே. வருஷத்துக்கு ஒருக்கா வாருனாப் போதும்." கருவளையத்தைக் கீழே விட்டாள். "தெனம் ரெண்டு வேளை கிளறி விட்டாப் போதும்."

அன்று நல்லகாமன் இன்னொரு சபதம் எடுத்தார். ஏமாந்தது ஏமாந்ததுதான். இனி அந்தக் கொட்டகையில் மம்பட்டி எடுப்பதில்லை. தங்கம் தொலைந்தது என்று யார் சொன்னாலும் நம்புவதில்லை. திங்கட்கிழமை காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பேப்பரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். பேப்பர் முழுதாக இருந்தது. காபியும் வந்தது. முதல் பக்கத்தைத் திருப்பும்போது கொட்டகைப் பக்கமிருந்து அன்னக்கொடியின் குரல் கேட்டது.

"ஏங்க, என் மூக்குத்தியக் காணமே!"

நல்லகாமன் பேப்பரைக் கீழே இறக்கவில்லை. அதன் ஓரத்தால் மட்டும் எட்டிப் பார்த்தார். அவள் வாசலில் வந்து நின்றாள். மூக்கில் மூக்குத்தி இல்லை. சத்தியமாக இல்லை. கழற்றி அஞ்சறைப் பெட்டியில் கடுகோடு போட்டு வைத்திருப்பாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"சலிக்கவா, கையால பாத்தாப் போதுமா?" என்று கேட்டபடி எழுந்து மம்பட்டியை எடுத்தார்.